உன்னிடம் இருந்த ஒரே சத்தம்

இதை யாரிடமும் காட்டாதே, மகனே. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். நீ வளர்ந்து, மீசை முளைத்து, எங்கோ ஓர் ஊரில் உட்கார்ந்து இந்தக் காகிதத்தைப் பிரிக்கும்போது பக்கத்தில் யாராவது இருந்தால் மடித்து வைத்துவிடு. முக்கியமாக அப்பா கண்ணில் இது படக் கூடாது. அவர் விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர். அந்த விரல் இதில் ஏதோ ஒரு வரியில் வந்து, அதற்குப் பிறகு நகராமல் நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியாது. அம்மாவிடமும் காட்ட வேண்டாம். அவளுக்குத் தெரியாதது இதில் எதுவும் இல்லை, ஆனால் எல்லாவற்றையும் ஒன்றாகக் கேட்கிற தெம்பு அவளுக்கு இல்லை.

நான் உன்னைப் பெற்றவள் இல்லை, உன் அக்கா. பிளஸ் ஒன் படிக்கிறேன். ஆனால் பள்ளிக்கூடத்தில் என் கூட்டாளிகள் உன்னை என் மகன் என்றுதான் சொல்வார்கள். "ஏய், ஒன் மகன் இன்னைக்கு என்னடி பண்ணுனான், தின்னானா, பேண்டானா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். நான் வாயைத் திறந்தால் உன்னைப் பற்றித்தான் பேசுகிறேனாம். வேறு என்ன பேசுவது? அம்மா கேரளாவுக்கு ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகிறவள். விடிவதற்கு முன்பே கம்பத்தில் ஜீப் ஏறிவிடுவாள், விளக்கு வைத்த பிறகுதான் இறங்குவாள். நீ பால்குடி மறந்ததிலிருந்து என் இடுப்பில்தான் இருந்தாய். உன்னை இறக்கிவிட்டுத் தண்ணீர் பிடிப்பேன், தூக்கிக்கொண்டு உலை வைப்பேன், அங்கன்வாடியில் விட்டுவிட்டு ஓடிப் போய்க் கடைசி ஆளாகப் பள்ளிக்கூடத்தில் நிற்பேன். அதனால் ஒரு தாய் வளர்ந்த மகனுக்கு எழுதுகிற கடிதமாக இதை எழுதிவிடுகிறேன். அந்த வயது எனக்கு வரவில்லை. அந்த அலுப்பு வந்துவிட்டது.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் நானும் அம்மாவும் உன்னை மதுரைக்குக் கூட்டிப் போகிறோம். அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் உன் காதுக்குப் பின்னால் அறுத்து, உள்ளே ஒரு கருவியை வைப்பார்கள். அடுத்த மாதம் உன் பிறந்தநாள் வந்துவிட்டால் அரசாங்கத் திட்டத்தில் அது கிடைக்காது, வயது தாண்டிவிடும். விலைக்கு வாங்க நம் வீட்டில் யாராலும் முடியாது. பெற்றவர்களில் ஒருவர் கையெழுத்துப் போட்டால் போதும் என்று சொல்லிவிட்டார்கள், அம்மா போடுகிறாள். இதெல்லாம் அப்பாவுக்குத் தெரியாது. பன்னீர் திராட்சை பழுத்து நிற்கிற நேரம் இது. ராத்திரி வௌவால் இறங்கும் என்பதால் அவர் தோட்டத்துக் குடிசையிலேயே படுத்துக்கொள்கிறார். அவர் காலையில் கஞ்சிக்கு வருவதற்குள் நாம் தேனியைத் தாண்டியிருக்க வேண்டும். அம்மா வழக்கம்போல் ஜீப்புக்குப் போகிற மாதிரி கிளம்புவாள், நான் உன்னைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போவேன். எனக்குப் பயமெல்லாம் ஜீப்காரரை நினைத்துத்தான். நாளைக்கு வரமாட்டேன் என்று அம்மா அவரிடம் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. அவரும் அப்பாவும் ஒரே கடையில் டீக் குடிக்கிறவர்கள்.

அப்பாவை நீ கெட்டவர் என்று நினைத்துவிடாதே. இந்தக் கடிதத்தில் நான் உனக்குச் சொல்ல வந்த முதல் விஷயமே அதுதான். மற்ற தோட்டங்களில் பறவை விரட்ட வெடி போடுவார்கள், தகரம் தட்டுவார்கள், வலை கட்டுவார்கள். அப்பா தொண்டையால் விரட்டுகிறவர். பந்தலுக்குக் கீழே நடந்துகொண்டே உதட்டைக் குவித்து, கழுத்து நரம்பு தெறிக்க, நீளமாக ஊ என்று ஒரு கூவல் கூவுவார். மைனாவும் சின்னான் குருவியும் ஒரே வீச்சாக எழும். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்கள்கூட அந்தக் கூவலைக் கேட்டு இன்னார் தோட்டத்தில் இருக்கிறார் என்று சொல்லிவிடுவார்கள். நீ உட்காரப் பழகிய நாளிலிருந்து, லீவு நாளெல்லாம் நானும் நீயும் அந்தப் பந்தலடியில்தான். அவர் கூவுவார், நீயும் கூவுவாய். அவர் நிறுத்தினால் நீயும் நிறுத்துவாய். அவர் அடுத்த வரிசைக்குப் போய் அங்கிருந்து கூவினாலும் நீ இங்கிருந்து பதில் கூவுவாய். பக்கத்துத் தோட்டக்காரர், "என்னப்பா, குட்டிச் சங்கு ஒண்ணும் சேத்து வாங்கிட்டியா?" என்று கேலி செய்வார். அப்பா அன்று முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அவருக்கு அதிகம் பேச வராது. உன்னோடு அவர் பேசிய பேச்சு அது ஒன்றுதான்.

அதனால்தான் எங்கள் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. நீ பேசவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை, மழை இடிக்கு அழவில்லை. சோம்பேறி, அழுத்தக்காரன், லேட்டாகத்தான் பேசுவான் என்றோம். காது கேட்காத பிள்ளை அப்பன் கூவலுக்குப் பதில் கூவுமா? இந்த ஒரு கேள்வியே எங்கள் எல்லோர் வாயையும் அடைத்துவிட்டது. அங்கன்வாடி அக்காதான் ஒரு நாள் உனக்குப் பின்னால் நின்று தட்டில் கரண்டியால் ஓங்கித் தட்டினாள். மற்றப் பிள்ளைகள் துள்ளின. நீ மண்ணில் கோடு போட்டுக்கொண்டிருந்தாய். அவள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுத் தேனி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகச் சொன்னாள். "லேட் பண்ணாதடி," என்றாள். அப்போதே நேரமாகிவிட்டிருந்தது.

தேனியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற டீச்சர் ஒருவர் இருக்கிறார். நீ பெரியவனான பிறகு அவரைப் போய்ப் பார்க்க வேண்டும், இதை நான் கட்டளையாகவே சொல்கிறேன். முதல் நாள் அவர் என் யூனிபார்மைப் பார்த்துவிட்டு, "அம்மா வரலையா?" என்றார். நான்தான் என்றேன், வாய் தவறி. அவர் சிரிக்கவில்லை. ஓர் அட்டையை எடுத்துத் தன் வாயை மறைத்துக்கொண்டு ஆ, ஈ, ஊ என்றார். நீ அவர் வளையலைப் பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு அட்டையை இறக்கி, சத்தமே போடாமல் உதட்டை மட்டும் குவித்துக் காட்டினார். உடனே நீ கூவினாய். அந்த அறையே அதிரக் கூவினாய். எனக்கு அப்போதுதான் புரிந்தது. உன்னை இறக்கிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தேன். தோட்டத்தில் அப்பா எதிரே இருக்கும்போது நீ அவர் உதட்டைப் பார்த்திருக்கிறாய். அவர் அடுத்த வரிசையில் இருக்கும்போது? அதையும் அன்று பஸ்ஸில் திரும்பும்போது யோசித்துக் கண்டுபிடித்தேன். கூவல் எழுந்ததும் பறவைகள் எழும், அவற்றின் நிழல் இலைச் சந்து வழியாகத் தரையில் ஓடும். நீ அந்த நிழலுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாய், மகனே.

அன்று டீச்சர் ஒரு தாளைக் கொடுத்து நீ போட்ட சத்தத்தை எழுதச் சொன்னார். நான் ஊ என்று எழுதினேன். இல்லை என்றார். "நீ ஊன்னு சொல்லிப் பாரு, நாக்கு எங்க போகுது?" என்றார். சொல்லிப் பார்த்தேன். நாக்கு தொண்டைப் பக்கம் பின்வாங்கியது. ஈ சொல்லச் சொன்னார். நாக்கு முன்னால் வந்தது, உதடு விரிந்தது. "இப்ப உதட்ட ஊவுக்கு வச்ச மாதிரியே குவிச்சுக்கோ. நாக்க முன்னாலயும் விடாத, பின்னாலயும் விடாத, நடுவுல நிறுத்து." அப்படிச் செய்ததும் என் வாயிலிருந்து உன் சத்தம் வந்தது. நீ என் வாயைப் பார்த்துச் சிரித்தாய். டீச்சர் ஆங்கில யூ எழுத்தைப் போட்டு, அதன் இடுப்பில் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். ʉ. இதுதான் உன் எழுத்து. "அவனுக்கு உதடு தெரியுது, நாக்கு தெரியாது. பாத்தத வச்சுப் பாதி கட்டியிருக்கான், மீதிய யாரும் அவனுக்குக் காட்டல," என்றார். எந்தப் பாஷைச் சத்தத்தையும் எழுதுகிற எழுத்து வரிசையில் இதுவும் ஒன்றாம், அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் எந்த நாட்டில் இருந்தாலும், உன்னைப் பார்க்காமலேயே, நீ போட்ட சத்தத்தை அப்படியே போட்டுக் காட்டிவிடுவார்களாம். நம் ஆட்களே புள்ள, புடி என்று வேகமாகப் பேசும்போது சில பேர் வாயில் இதற்குப் பக்கத்தில் ஒரு சத்தம் வந்து போகிறதாம். நம் எழுத்தில் அதற்குத் தனி இடம் இல்லாததால் நாம் கவனிப்பதில்லை என்றார்.

அதற்குப் பிறகு வாரா வாரம் நீ என்னென்ன சத்தம் போடுகிறாய் என்று எழுதிக்கொண்டு போவது என் வேலையானது. எழுத என்ன இருக்கிறது? எல்லாம் அந்த ஒன்றுதான். தண்ணீர் வேண்டுமென்றால் குட்டையாக ஒரு ʉ. என்னைக் கூப்பிட அதையே ஒட்டினாற்போல் இரண்டு தடவை, ʉʉ என்று, இரண்டாவது கொஞ்சம் கோபமாக. அப்பாவின் கூவலுக்கு நீளமாக. நீளத்தைக் காட்டப் பக்கத்தில் இரண்டு புள்ளி மாதிரி வைக்க வேண்டும், ʉː என்று. உன் வயதுப் பிள்ளைகள் கதை சொல்கிறார்கள், கோள் சொல்கிறார்கள், பொய் சொல்கிறார்கள். நீ இந்த ஒரு சத்தத்தை வைத்துக்கொண்டு ஒரு வீட்டையே நடத்திக்கொண்டிருக்கிறாய். பரீட்சைக்குப் படிக்கிற நேரத்தில் உன் முகத்தைப் பிடித்து வைத்து, கண்ணாடி முன்னால் ஆ, ஈ, ஊ என்று சொல்லிக் காட்டுவேன். உன் கையை என் தொண்டையில் வைப்பேன். நீ கடிப்பாய். சில நாள் நானும் உன்னை அடித்திருக்கிறேன். பிறகு இரண்டு பேரும் அப்படியே தூங்கிவிடுவோம், அம்மா வந்து எழுப்பும்வரை.

அப்பாவிடம் அம்மாதான் சொன்னாள். காது கேட்கவில்லையாம், கருவி வைத்தால் கேட்குமாம் என்றாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். பிறகு என்னைப் பார்த்து, "ஏத்தா, செவிட்டுப் பய எப்படித்தா எனக்குப் பதிலுக்குக் கூவுவான்?" என்றார். டீச்சர் சொன்னதைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். உதடு, நிழல், எல்லாம் நாக்கு நுனியில் வந்து நின்றது. அவர் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிட்டேன். "டாக்டரு சொன்னாக, நர்சு சொன்னாகன்னு பச்சப் பிள்ளை மண்டையில ஓட்டை போட விடுவனா? எம்மகன் எனக்குப் பேசுறான். அது போதும்," என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார். அன்று சாயங்காலம் அவர் கூவியது வீடுவரை கேட்டது. இருட்டிய பிறகும் கூவினார். அந்த நேரத்தில் எந்தப் பறவை வரும்?

போன ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு காரியம் செய்தேன். வாயால் சொல்ல முடியாததை அவரே பார்த்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். பந்தலடியில் உன்னை என் பக்கம் திருப்பி உட்கார வைத்து, கையில் ஒரு கொத்துப் பழத்தைக் கொடுத்து, அப்பாவை உன் முதுகுக்குப் பின்னால் நிற்கச் சொன்னேன். பறவை எதுவும் இறங்காத உச்சிவேளை. "இப்பக் கூவுங்கப்பா," என்றேன். அவர் சிரித்தார். "என்ன, எனக்கே பரிச்சை வைக்கிறியா?" என்றார். கொஞ்ச நேரம் உன் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உன்னைச் சுற்றிக்கொண்டு வந்து, உன் முன்னால் குந்தி உட்கார்ந்து, உன் கண்ணைப் பார்த்து, உதட்டைக் குவித்துக் கூவினார். நீ பழம் வழிகிற வாயோடு பதில் கூவினாய். "பாத்தியா?" என்றார். என்னைப் பார்க்காமல் சொன்னார். அவர் சுற்றி வந்து முன்னால் உட்கார்ந்தாரே, அதை நான் மறக்கவே மாட்டேன். அவருக்குத் தெரியும், மகனே. தெரிந்ததைத் தெரியாத இடத்தில் வைத்துக்கொண்டிருக்கிறார். உனக்கு ஒரு மகன் பிறந்து, அவன் உன்னோடு பேசுகிற ஒரே பேச்சு பேச்சே இல்லை என்று யாராவது வந்து சொன்னால் நீ என்ன செய்வாய் என்று யோசித்துப் பார். அப்புறம் அவர் மேல் கோபப்படு.

உனக்கு வேறு சில புத்திமதியும் சொல்ல வேண்டும், ஒரு கடிதத்தில் எல்லாம் அடங்காது. கருவியோடு சேர்த்து வெளியே காதுக்குப் பின்னால் மாட்டுகிற பெட்டியை முடியை வளர்த்து மறைக்காதே. இருட்டில் யாராவது பேசினால் விளக்கைப் போடச் சொல், வெட்கப்படாதே. எல்லாவற்றுக்கும் மேலே, புரியாததற்குத் தலையாட்டாதே. இந்தப் பழக்கம் உனக்கு இப்போதே இருக்கிறது. நாங்கள் சிரித்தால் நீயும் சிரிக்கிறாய், தலையாட்டினால் நீயும் ஆட்டுகிறாய், எல்லோரும் உன்னை நல்ல பிள்ளை என்கிறார்கள். அந்த நல்ல பிள்ளைத்தனத்தால்தான் உன் வருஷங்கள் போயின. கேட்கவில்லை என்றால் கேட்கவில்லை என்று சொல். எத்தனை பேர் முகம் சுருங்கினாலும் சொல்.

டீச்சர் என்னிடம் எதையும் மறைக்கவில்லை. கருவி வைத்த அன்றே நீ பேசிவிட மாட்டாய். சத்தம் முதலில் உனக்கு வெறும் இரைச்சலாக இருக்கும், நீ அழுவாய், பிய்த்து எறிவாய். வருஷக்கணக்கில் பயிற்சி இருக்கிறது. அதை யார் செய்யப் போகிறார்கள் என்று எனக்குத் தெரியும். பிளஸ் டூவில் என்ன மார்க் வரும் என்றும் தெரியும். அவர் சொன்னதில் ஒன்று மட்டும் மனதைவிட்டுப் போகவில்லை. நீ ஊவைக் காதால் கேட்கத் தொடங்கியதும் உன் நாக்கு தானாகப் பின்னால் போகப் பழகிவிடுமாம். அப்போது முதலில் போவது இந்தச் சத்தமாகத்தான் இருக்குமாம். போகட்டும். அது போவதற்குத்தானே இத்தனை பாடு. ஆனாலும் நீ எங்களோடு பேசிக்கொண்டிருந்தது இதை வைத்துத்தான் என்று உனக்குத் தெரிய வேண்டும், அதனால் எழுதி வைக்கிறேன். யாராவது படிக்கத் தெரிந்தவர் கிடைத்தால் இந்த எழுத்தைக் காட்டிப் போடச் சொல். அதை மட்டும் காட்டலாம்.

அம்மா படுத்ததும் உறங்கிவிட்டாள். செல்போன் வெளிச்சத்தைத் தலையணையில் சாய்த்து வைத்து எழுதுகிறேன். வெளிச்சம் பட்டு நீ விழித்துவிட்டாய். சன்னலுக்கு முதுகைக் காட்டி, என் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, பேனா போகிற போக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய். நாளைக்கு உன் தலையை மொட்டையடிப்பார்கள் என்பது உனக்குத் தெரியாது. உன்னிடம் அதைச் சொல்ல என்னிடமும் சத்தம் இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, மகனே. நீ திரும்பி வர வேண்டும். நீ திரும்பி வந்த பிறகு அப்பா உன்னைப் பார்க்க வேண்டும். இதில் எதற்கு அதிகம் பயப்படுகிறேன் என்று எனக்கே

கதவைத் தட்டுகிறார்கள்.

அப்பாதான். சன்னல் இடுக்கில் அவர் துண்டு தெரிந்தது. ஜீப்காரர் சொல்லியிருக்க வேண்டும். வழக்கமாகத் தட்டும்போதே என்னை ஆத்தா என்று கூப்பிடுவார், இப்போது கூப்பிடவில்லை. நான் அசையவில்லை. நான் அசைந்தால் நீ திரும்புவாய், அதனால் எழுதிக்கொண்டே இருக்கிறேன். கதவை ஒட்டிய அந்தச் சன்னல் வழியாக உன் முதுகு அவருக்கு நன்றாகத் தெரியும்.

கூவுகிறார். தெரு விழிக்காத அளவுக்கு அடக்கி, சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம் நின்று, அதே கூவல். நீ பேனாவைப் பார்க்கிறாய். நான் உதட்டைக் குவித்துக் காட்டினால் போதும், நீ பதில் சொல்லிவிடுவாய். அவர் நிம்மதியாகத் தோட்டத்துக்குப் போய்விடுவார், நாமும் பஸ் ஏறிவிடலாம். என் உதடு தானாகவே குவிகிறது. இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுதுகிறேன்.

மறுபடி கூவினார். பாதியில் நிறுத்திவிட்டார்.

அவர் போகவில்லை. மூச்சு விடுவது கேட்கிறது. இப்போது மெதுவாகத் தட்டுகிறார். "ஆத்தா," என்கிறார். குரல் அவருடையது மாதிரியே இல்லை. "மொத பஸ்ஸு எத்தன மணிக்குத்தா?"

நான் தாழ்ப்பாளை